கால் முன்னால் வந்தவன்

வலித்தால் நின்றுவிடுவது என்ற ஏற்பாட்டோடுதான் செங்கோடன் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஏறத் தொடங்கினான். வலிக்கவில்லை. அதுதான் இப்போது தொந்தரவாக இருந்தது. வலித்தால் அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் நான்கு தடவை அதே இடது கெண்டைக்கால் சதையைக் கிழித்துக்கொண்டவனுக்கு வலியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குத்துகிற வலி, சுண்டுகிற வலி, கட்டிலைவிட்டு இறங்கும்போது வந்து பல் விளக்கி முடிப்பதற்குள் போய்விடுகிற வலி, ஓடி முடித்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வந்து உட்காருகிற வலி, எல்லாம் அவனுக்கு உறவுக்காரர்கள் மாதிரி, செருப்புச் சத்தத்திலேயே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவான். இது அவற்றில் எதுவும் இல்லை. வெறும் கனம். ஈரத் துணியை முறுக்கிச் சுற்றியதுபோல ஒரு கனம், அதற்கு உள்ளே கொஞ்சம் சூடு. வலது கால் மண்ணைத் தொட்டதும் தானாக மேலே வருகிறது. இடது காலும் வருகிறது, வராமலில்லை, ஆனால் கூப்பிட்டால்தான் வருகிறது. ராத்திரி பெய்த மழையில் பாதையின் செம்மண் வழுக்கலாக இருந்தது. இரண்டு பக்கமும் காப்பிச் செடிகள், அவற்றுக்கு மேலே மிளகுக்கொடி ஏறிய உயரமான மரங்கள், மரங்களுக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. சில்வண்டுகள் காதை அடைத்துக்கொண்டிருந்தன. ஒரு வளைவில் அவை சொல்லிவைத்ததுபோல் நின்றன, அவன் மூச்சு மட்டும் கேட்டது. இவ்வளவு சத்தமாகவா மூச்சு வாங்குகிறோம் என்று நினைத்தான். ஐந்து வாரம் ஓடாமல் கிடந்தவனுக்கு மூச்சு வாங்காமல் பின்னே வேறு எது வாங்கும் என்று அதற்குப் பதிலையும் அவனே சொல்லிக்கொண்டான்.

இந்த இடத்தில்தான், இல்லை, இதற்கு அடுத்த வளைவில்தான், முதல் தடவை கிழிந்தது. பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. உண்மையாகவே கல்லென்று நினைத்துத் திரும்பி, பின்னால் வந்துகொண்டிருந்த டேனியல்ராஜைப் பார்த்து, "என்ன விளையாட்டு இது?" என்று கோபமாகக் கேட்டான். டேனியல்ராஜ் பல் டாக்டர், சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மலையேறி ஓடுகிற எட்டுப் பத்துப் பேருக்கு அவர்தான் தலைவர் மாதிரி. அவர் கையில் கல்லும் இல்லை ஒன்றும் இல்லை, பாதி வாழைப்பழம்தான் இருந்தது. அவர் செங்கோடனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும் அடிக்கல செங்கோடா, ஒன்னோட காலுதான் ஒன்ன அடிச்சிருக்கு" என்றார். சொந்தக் கால் அடிக்குமா என்று அன்றைக்குச் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது தடவை பேருந்தைப் பிடிக்கச் சாலையைக் கடக்கும்போது. மூன்றாவது தடவை, சொல்லவே வெட்கம், சவ்வரிசி ஆலையின் காயப்போடுகிற களத்தில், உலர்ந்த சவ்வரிசியைக் கையில் அள்ளி எவ்வளவு வெள்ளை என்று பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது. அவன் அங்கே தரம் பார்க்கிறவன். ஓடும்போது கிழிந்தால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது, எழுந்திருக்கும்போது கிழிந்தால் என்ன இருக்கிறது. நான்காவது தடவை ஐந்து வாரத்துக்கு முன்னால். ஆஸ்பத்திரியில் மூட்டுக்குக் கீழே பூட்ஸ் மாதிரி ஒன்றை மாட்டிவிட்டு, அசைக்கக் கூடாது என்றார்கள். மனைவி பூங்கோதை அதைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் தோசையைத் திருப்பிப் போட்டபடி, "துணி கிழிஞ்சா தைக்கலாம். தச்ச எடத்துலயே திரும்பத் திரும்பக் கிழிஞ்சா அது கரித்துணிதாங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். சாதாரணமாகச் சொன்னாள். "இன்னொரு தடவ கிழிஞ்சா ஓட்டம் வேண்டாம். சரியா?" அவன் தலையாட்டினான். வாய் திறந்து சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினான், ஆனால் பூங்கோதையின் கணக்கில் தலையாட்டினால் வாக்குதான்.

ஆகையால் கிழிந்திருக்கக் கூடாது. கிழியவும் இல்லை. கல் விழவில்லையே. கல் விழாமல் எப்படிக் கிழியும். இந்த யோசனையில் அவனுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது, கால்கூட லேசானதுபோல் இருந்தது, செம்மண் போய்க் கல்படிகள் வந்த இடத்தில் கொஞ்சம் வேகம் எடுத்தான். அந்த நிம்மதிக்கு அடியிலேயே இன்னொன்று காத்திருந்தது. கிழியவில்லை என்றால், அப்போது இது எது. இந்தக் கேள்வி முந்தாநாள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து அதற்கு அவன் இடம் கொடுக்காமல் நிற்கவைத்திருந்தான், அதுவும் கடன் கேட்க வந்தவன்போல் போகாமல் நின்றது. நஸ்ரின் சொன்னாள். ஐந்து ரோட்டுப் பக்கம் மாடியில் சிறிதாக ஒரு இடம் வைத்துக்கொண்டு தசைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், வயது முப்பதுகூட இருக்காது, நான்கு தடவையும் அவனை நடக்கவைத்தது அவள்தான். பூட்ஸைக் கழற்றிய அன்றைக்குச் சொன்னாள், அவனுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது, இல்லாமலிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். "சார், ரொம்ப நாள் அசையாம வெச்ச கால் இது. இனிமே ஒரு வலி வந்துச்சுன்னா பாருங்க, குத்தினா சதை. அத நம்ம பாத்துக்கலாம். குத்தாம கனமா இருந்துச்சுன்னா, ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா இருந்துச்சுன்னா, உருவி விடாதீங்க, ஓடாதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நரம்புல ரத்தம் கட்டியிருக்கும். அது கழண்டு நெஞ்சுக்குப் போயிரும்."

நரம்பு என்றாள். அங்கேதான் செங்கோடனுக்கு ஒரு சந்து கிடைத்தது. இந்த ஊரில் எதுதான் நரம்பில்லை. கழுத்து திரும்பவில்லையா, நரம்பு பிடித்துக்கொண்டது. கை மரத்துப்போனால் நரம்புத் தளர்ச்சி. ஊசி போடும் நர்ஸ் நரம்பு கிடைக்கவில்லை என்கிறாள், கெண்டை புரண்டால் நரம்பு இழுத்துக்கொண்டது என்கிறார்கள். ரத்தம் ஓடுகிற குழாய்க்கும் நரம்பு, சதையை எலும்போடு கட்டியிருக்கிற நாருக்கும் நரம்பு, மூளைக்குச் சேதி கொண்டுபோகிறதற்கும் நரம்பு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை கோடி பேர் எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் பிறந்ததிலிருந்து நரம்பு பிடித்துக்கொண்டு யாரும் செத்துப் பார்த்ததில்லை. நரம்புதானே, விட்டுவிடும், எண்ணெய் தேய்த்து உருவினால் விட்டுவிடும் என்று ஒரு குரல். அது அவள் சொன்ன நரம்பில்லை, அவள் ரத்தக்குழாயைச் சொன்னாள், உனக்கு அது அன்றைக்கே தெரியும், தெரிந்துகொண்டே தெரியாததுபோல் வருகிறாய் என்று இன்னொரு குரல். பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதையென்று தாண்டவும் முடியவில்லை. கிழிசல் என்றால் ஓட்டம் போயிற்று, பூங்கோதைக்குக் கொடுத்த தலையாட்டல் இருக்கிறது. மற்றது என்றால், மற்றது என்றால் என்ன என்பதுவரை அவன் மனம் போய்விட்டு, சூடுபட்ட விரல்போல் வெடுக்கென்று திரும்பிவிடும். அதனால் இது இரண்டுமில்லை, மூன்றாவது ஒன்று, பெயரில்லாத ஒன்று, ஓட ஓடச் சரியாகிவிடுகிற ஒன்று என்று வைத்துக்கொண்டிருந்தான். அந்த மூன்றாவதை நம்பித்தான் கால் கனப்பதை யாரிடமும் சொல்லாமல் தனியாக வந்திருந்தான்.

பாதையில் சாணம் கிடந்தது, காட்டெருமையின் சாணம், இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. நின்றான். நின்றதற்குக் காரணம் சாணம் என்று இருக்கட்டும். இரண்டு பக்கமும் பார்த்தான், செடிகள் அசையவில்லை, எங்கேயோ இலையிலிருந்து இலைக்குத் தண்ணீர் சொட்டியது. அது இங்கேதான் எங்கோ நிற்கிறது, அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சுள்ளிகூட ஒடியாமல் நிற்கிறது. பயப்பட இது நல்ல விஷயம், வெளியே நிற்கிற விஷயம், கத்தினால் போய்விடும். கைகளைத் தட்டி ஹோ ஹோ என்று இரண்டு தடவை கத்தினான். இரண்டாவது ஹோ பாதியிலேயே நின்றது, காற்றுப் போதவில்லை. நெஞ்சில் இடதுபக்கம் விலாவுக்குக் கீழே ஏதோ பிடித்தது, மூச்சை இழுத்தால் பிடிக்கிறது, விட்டால் விட்டுவிடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் டீ குடித்தது. வாயு. ஆமாம், வாயு. அவன் மறுபடி ஓடத் தொடங்கினான், ஓடத் தொடங்கினான் என்று சொல்வது அவனுடைய மரியாதைக்காக, யாராவது பார்த்திருந்தால் அவசரமாக நடக்கிறான் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பிழிந்து பாலைத் தொட்டியில் விடுவார்கள். பார்த்தால் பசும்பால் தோற்றுவிடும். அது ஓடிக்கொண்டிருக்கிறவரை பால். கால்வாயில் ஓடி, தொட்டியில் விழுந்து, யாரும் தொடாமல் ஆடாமல் நின்றால் அடியில் படிந்து இறுகிவிடும், அப்புறம் மண்வெட்டி போட்டுத்தான் வெட்டி எடுக்க வேண்டும். ஆடாமல் நிற்கிற எதுவும் இறுகும். இருபது வருஷமாக அதைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் அவன். நான்கு வாரம் பூட்ஸில் அசையாத கால். பூட்ஸைக் கழற்றின கையோடு முதலாளி இந்தூருக்கு அனுப்பினார், அங்கே விரதத்துக்குச் சவ்வரிசி தின்கிறவர்கள்தான் இவர்களுக்குப் படியளக்கிறார்கள், சரக்கில் நிறம் மங்கல் என்று ஒரு வியாபாரி குறை சொல்லிக்கொண்டிருந்தான். வரும்போது ரயிலில் முழுப் படுக்கை கிடைக்கவில்லை, பாதி இருக்கைதான், எதிரே ஒரு பெரியவர் கால் நீட்டிப் படுத்திருந்தார், எழுப்ப மனமில்லாமல் செங்கோடன் இரண்டு ராத்திரியும் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தே வந்தான். நல்ல மனசுக்காரன் என்று அப்போது தன்னைப் பற்றி ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வியாழக்கிழமை வந்து இறங்கினான். வெள்ளிக்கிழமை கால் கனத்தது. அன்றைக்கே முட்டிவரை ஏறுகிற இறுக்கமான கறுப்பு ஓட்டக்காரச் சாக்ஸை எடுத்து மாட்டினான், மாட்டினது மாட்டினதுதான். வீட்டில் கைலி கட்டுகிறவன் பேண்ட்டோடு உலவுவதைப் பார்த்து, "என்னங்க, கைலி கட்டலையா?" என்று பூங்கோதை கேட்டதற்கு, குளிருது என்றான். சேலத்தில். குளிக்கும்போது கழற்றினான், ஆனால் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சோப்புப் போட்டான். சொந்தக் காலைப் பார்க்காமல் இரண்டு நாள் இருப்பது லேசான காரியமில்லை, அதற்கும் ஒரு பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சியை அவன் நன்றாகவே செய்தான்.

போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர், முழுக்க மலைப்பாதை. இரண்டு வருஷம் பெயர் கொடுத்து இரண்டு வருஷமும் தொடக்கக் கோட்டில்கூட நிற்கவில்லை. நிற்க வேண்டும். முதல் ஆளாக வர வேண்டாம், நூறாவது ஆளாகக்கூட வர வேண்டாம், தொடக்கக் கோட்டில் நின்று, போ என்று சொன்னதும் போக வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்கிறது. இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவனிடம் பதில் கிடையாது. முப்பத்தெட்டு வயதில் ஓட ஆரம்பித்தான். அதுவரை அவன் சவ்வரிசி பார்க்கிறவன், பூங்கோதையின் வீட்டுக்காரன், தங்கை கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன். மலையில் ஓடும்போதுதான் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாதவனாக இருந்தான், அது எவ்வளவு ருசியாக இருந்தது. அதை இழப்பதற்கு அவனுக்குப் பயமாக இருந்தது, செத்துப்போவதைவிட அதிகப் பயமாக இருந்தது. இப்படி நினைத்ததும் தானே அதிர்ந்துபோய், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று மலையிடமோ யாரிடமோ சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இதில் பெரிய வேடிக்கை, ஊருக்கெல்லாம் சுளுக்கு எடுக்கிறவனே அவன்தான். பிறக்கும்போது தலை வராமல் கால் முன்னால் வந்தவன். அப்படி வந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவும் அவனுக்கு இடது கால்தான் முதலில் வந்ததாம், அதனால் இடது காலால், வெறுங்காலால், மூன்று மிதி. "வர்றப்பவே ஓட்டம் எடுத்துட்டு வந்தவன்" என்று அவன் அம்மா எல்லோரிடமும் சொல்வாள். சின்ன வயதில் தூங்குகிறவனை எழுப்பிக்கொண்டுபோய் யார் யார் இடுப்பின்மேலோ நிறுத்துவார்கள், அரைத் தூக்கத்தில் மிதித்துவிட்டு வந்து படுத்துக்கொள்வான். ஓட்டக்காரர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. படித்தவர்கள், பல் டாக்டர், வங்கி மேலாளர், எல்லோரும் ஓட்டம் முடிந்ததும் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு, "செங்கோடா, ஒரு மிதி" என்பார்கள். மிதித்தால் விடவும் செய்கிறது, அது என்ன மாயமோ. தன் காலைத் தானே மிதித்துக்கொள்ள மட்டும் வழியில்லை. கால் முன்னால் வந்த இன்னொரு ஆளைத் தேடி அவன் விசாரிக்காத இடமில்லை, இப்போதெல்லாம் எல்லோரையும் வயிற்றைக் கிழித்து எடுத்துவிடுகிறார்கள், காலும் முன்னால் வருவதில்லை, தலையும் முன்னால் வருவதில்லை. போன வருஷம் மூன்றாவது கிழிசலின்போது ராத்திரி படுத்துக்கொண்டு ஒன்று தோன்றியது. மற்றவர்களிடமிருந்து எடுத்ததெல்லாம் எங்கே போயிருக்கும். எங்கேயும் போகாமல், மிதித்த காலிலேயே ஏறிக்கொண்டு இத்தனை வருஷமாகச் சேர்ந்துகொண்டே வந்திருந்தால். படித்தவன் நினைக்கிற நினைப்பில்லை என்று அதைத் துரத்திவிட்டான். இப்போது, மேகத்துக்குள் கல்படிகள் ஒவ்வொன்றாக முளைத்து வந்துகொண்டிருக்க, அந்த நினைப்பு துரத்தின இடத்திலேயே உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

பாதை தார்ச்சாலையில் போய் முட்டுகிற இடத்தில் தங்காயியின் டீக்கடை. தகரக் கூரை, ஒரு பெஞ்சு, ஒரு கட்டில். செங்கோடன் பெஞ்சில் உட்கார்ந்தபோது கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. தங்காயிக்கு ஐம்பது வயதிருக்கும், எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவள், இப்போது கடையோடு சரி. "வாங்க சார், எங்க ரொம்ப நாளா ஆளையே காணோம்" என்று டீயை வைத்தாள். ஏதோ சொன்னான், வேலை என்றான். டீ இனித்தது. வந்துவிட்டேனே என்று நினைத்தான், ஏறி வந்துவிட்டேனே, ரத்தம் கட்டியிருந்தால் ஏறியிருக்க முடியுமா. விலாவில் பிடித்தது விடவில்லை. உட்கார்ந்தால் விட்டுவிடும். தங்காயி கல்லாவுக்குப் பின்னாலிருந்து கையை இடுப்பில் ஊன்றியபடி வந்தாள், கட்டிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கூச்சத்தோடு நின்றாள். "சார், ஒங்களையேதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். போன வருசம் மிதிச்சு விட்டீங்களே, அன்னிக்கு விட்டதுதான், ஒரு வருசம் அந்தப் பக்கமே வரல. நேத்து தண்ணிக் கொடத்தத் தூக்கினேன், மறுபடியும் புடிச்சுக்கிச்சு. ஒரு மிதி மிதிச்சு விட்டுருங்க சார், புண்ணியமாப் போவும்." அவனுக்குத் திடீரென்று கண் கலங்கியது. ஏனென்று தெரியவில்லை. இந்தக் காலை நம்பி இன்னும் ஒரு ஆள் இருக்கிறதே என்று இருக்கலாம். "அதுக்கென்னக்கா, படுங்க" என்றான். அவள் கட்டிலில் இருந்த பாயை எடுத்துத் தரையில் விரித்துக் குப்புறப் படுத்தாள்.

வெறுங்காலால்தான் மிதிக்க வேண்டும். குனிந்து ஷூவின் நாடாவை இழுத்தான். ஷூ வரவில்லை. வழக்கமாகக் குதிகாலை வலது கால் விரலால் தள்ளினாலே கழன்றுவிடும், இப்போது இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான், ஈரம், மழை ஈரத்தில் ஊறியிருக்கும் என்று நினைத்தான். வந்தது. அப்புறம் சாக்ஸ். முட்டிக்குக் கீழே விளிம்பில் விரலை நுழைக்க இடமில்லை. நகத்தால் நெம்பிச் சுருட்டினான், சுருட்டச் சுருட்டக் கீழே போனது, குளியலறைச் சுவரைப் பார்த்த மாதிரி எதிரே பார்க்கச் சுவர் இல்லை, வெளிச்சம் நேராகக் காலில் விழுந்துகொண்டிருந்தது, பார்த்தான். கால் ஒரே தடிமனாக இருந்தது. முட்டியிலிருந்து கணுக்கால்வரை கெண்டையும் இல்லை கணுவும் இல்லை, ஒரே உருளை. தோல் இழுத்துக் கட்டினதுபோல் பளபளத்தது, நிறம் நாவல்பழம் தின்ற வாயின் நிறம். கட்டைவிரலை வைத்து அழுத்தினான், எடுத்தான், விரல் இருந்த இடம் குழியாக அப்படியே நின்றது. மேலே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை. எத்தனையோ தடவை ஈர மாவில் விரல் வைத்துப் பதம் பார்த்திருக்கிறான். மிதி விழாததால் தங்காயி தலையைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை ஊன்றி எழுந்தாள், இடுப்பு பிடித்திருந்ததையே மறந்து எழுந்தாள். "இந்தக் கால வெச்சுக்கிட்டா சார் எனக்கு மிதிக்க வந்தீங்க?" என்றாள்.

நரம்பு என்று சொல்ல வாயெடுத்தான். நரம்பு பிடிச்சிருக்குக்கா, சும்மா, எறங்கறப்ப சரியாயிரும். சொல்லிவிட்டுச் சாக்ஸை மேலே இழுத்துவிட்டுப் போய்விடலாம். அந்த வாக்கியம் முழுசாக வாயில் இருந்தது, அவள் பார்த்த பார்வையில் அதற்கு வெளியே வர வழியில்லை. தன் காலை அவள் கண்ணால் பார்த்தான். வேறு யாருடைய காலாவது இப்படி இருந்திருந்தால், டேனியல்ராஜின் காலோ, பாதையில் போகிற யாரோ ஒருவனின் காலோ, அவனே முதலில் சொல்லியிருப்பான், தொடாதே, அசையாதே, வண்டியைக் கூப்பிடு என்று. "ஆமாக்கா. தப்பு பண்ணிட்டேன்" என்றான். "ரத்தம் கட்டியிருக்கு. ஓடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க." தங்காயி அடுப்பை அணைத்தாள். "அசையாதீங்க. காலத் தூக்கிப் பெஞ்சுமேல வெய்ங்க. மேல எஸ்டேட்டு ஜீப்பு நிக்குது, டிரைவரப் போயி கூட்டியாறேன். வூட்டுக்குப் போனப் போடுங்க" என்று செருப்பைக்கூட மாட்டாமல் சாலையில் இறங்கி ஓடினாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், மேகத்துக்குள் போய் மறைந்தாள். அவள் ஓடுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இனிமேல் ஓட்டம் இல்லை என்று தோன்றியது. ஆச்சரியம், அவ்வளவு பயந்திருந்ததற்கு அது ஒன்றுமே செய்யவில்லை, ஒரு சின்ன வருத்தமாக வந்து ஒதுங்கி நின்றது, அதற்குப் பின்னால் வருகிறதற்கு வழிவிட்டதுபோல. பூங்கோதை என்ன சொல்வாள். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும், ஆயுள் முழுக்கத் திட்டட்டும். போனை எடுத்தான், அவள் பெயரைத் தொட்டான். மணி போனது. பின்னால் குக்கர் சத்தத்தோடு அவள் குரல் வந்தது.

"சொல்லுங்க. எறங்கிட்டீங்களா?"

"இல்ல. மேலதான்... இருக்கேன். கோதை... காலு..."

"மறுபடியும் கிழிஞ்சிருச்சா?"

"கிழியல. வீங்கி... நஸ்ரின் சொன்னாங்கல்ல... அது. ஜீப்பு வருது. நீ... ஆஸ்பத்திரிக்கு... நேரா வந்துரு."

"ஒண்ணும் வெளங்கல. எத்தன தடவ சொல்றது, ஓடிக்கிட்டே போன் பேசாதீங்கன்னு. இப்பிடி மூச்சு வாங்குது. மொதல்ல நில்லுங்க. எங்கியாவது ஒரு எடத்துல ஒக்காந்து, மூச்சு வுட்டுட்டு, அப்பறம் நிதானமாப் பேசுங்க."

செங்கோடன் பெஞ்சில் நீட்டியிருந்த காலைப் பார்த்தான். பக்கத்தில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"நான் ஓடல கோதை" என்றான். அடுத்த வார்த்தைக்குக் காற்று வரும்வரை காத்திருந்தான். "ஒக்காந்துதான்... இருக்கேன்."